இஸ்கூல் முதல் இ.எம். த்ரீ வரை: நம் வீட்டுக்குள் வந்த கல்விச் சொற்கள்

நம் வீடுகளில் ஒருவர் ‘பள்ளிக்குப் போய்விட்டு வருகிறேன்’ என்று சொன்னால் அவர் தொழப் போகிறார் என்று பொருள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்கு நம் உம்மாமார் வைத்த பெயர் ‘இஸ்கூல்’. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத என் பாட்டியார் நாகூரிலிருந்து கப்பலேறி வந்தபோதே அந்தச் சொல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆங்கில மோகத்தால் அல்ல. ‘பள்ளி’ என்ற சொல் நம்மவர்களிடம் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது, அவ்வளவுதான்.

பள்ளி என்பது பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்பட்டதால் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். தமிழ் முஸ்லிம்கள் அதே சொல்லைத் தொழுமிடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசலை இன்றும் பெரியவர்கள் ‘குச்சுப் பள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள். என்னோடு படித்த ஒரு நண்பனிடம், ‘வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகணும், விளையாட வரமாட்டேன்’ என்றேன். ‘உனக்கும் மதியப் பள்ளியா?’ என்று கேட்டான் அவன். காலைப் பள்ளி, மதியப் பள்ளி என்று ஒரே கட்டடத்தில் இரண்டு முறை வகுப்பு நடந்த காலம் அது. அவன் கேட்டதில் தவறில்லை.

இம்மலருக்குக் கல்வி வரலாறு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டார்கள். பள்ளிகளின் பட்டியலும் ஆண்டுகளும் வேறு நூல்களில் கிடைக்கும். நான் எழுத விரும்புவது சொற்களைப் பற்றி. கல்வி தொடர்பான ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக நம் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவற்றின் பொருளை யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பதைப் பொறுத்தே நம் பிள்ளைகள் பலருடைய வழி அமைந்தது. அறுபது ஆண்டுகளாகக் கண்டும் பட்டும் அறிந்ததால் சொல்கிறேன்.

முதலில் நம்மிடம் இருந்த சொற்களைப் பார்ப்போம். ஓதுகிற பள்ளியில் ஆங்கிலத்துக்கு இடமே இல்லை. ஓதிக்கொடுத்தவர் லெப்பை அல்லது உஸ்தாத். எழுதியது பலகையில். பாடம் ‘சபக்’, புத்தகம் ‘கிதாபு’. பெண்பிள்ளைகள் பலர் அரபுத் தமிழ் படித்தார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதவும் வாசிக்கவும் தெரிந்த மூதாட்டிகளை, அரசாங்கக் கணக்கெடுப்பில் ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று எழுதிக்கொண்டு போனதும் உண்டு. ‘ஓதல்’ வேறு, ‘படிப்பு’ வேறு என்று நம் பேச்சு பிரித்துக்கொண்டது. ‘ஓதி முடிச்சாச்சு, இனிப் படிக்க வைக்கணும்’ என்பார்கள். அந்த இரண்டாவது சொல்லோடுதான் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆங்கிலப் படிப்பை நம்மவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அறிய முன்ஷி அப்துல்லாவை நினைத்துக்கொள்ளலாம். 1796இல் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த ஓர் அரபியரின் வழித்தோன்றல். தமிழும் மலாயும் அறிந்தவர். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர். மலாய் கற்பித்ததால் ‘முன்ஷி’ ஆனவர். 1849இல் அச்சான தம் வாழ்க்கை வரலாற்றில், ஓதுபள்ளியில் பிள்ளைகளுக்குக் கிடைத்த தண்டனைகளை விதவிதமாக வருணிக்கிறார். கிறிஸ்துவ மிஷனரிகளிடம் ஆங்கிலம் படிக்கப் போனதற்காக ஊரார் அவரைப் ‘பாதிரி அப்துல்லா’ என்று கேலி செய்ததையும் எழுதியிருக்கிறார். பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று மலாக்கா மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. என் பாட்டனார் காலம் வரை அது போகவில்லை.

அச்சத்துக்கு முகாந்திரம் இல்லாமலும் இல்லை. 1823இல் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய கல்விநிலையம் அரசாங்கத்தைச் சார்ந்தது என்றாலும், பின்னர் எழுந்த ஆங்கிலப் பள்ளிகளில் பலவும் தேவாலயங்களின் முயற்சியால் வந்தவை. இன்றைய லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் இருக்கிறதே ஷார்ட் ஸ்ட்ரீட், அங்கே 1887ஆம் ஆண்டு மெதடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த சோஃபியா பிளாக்மோர் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளுடன் ஒரு பள்ளி தொடங்கினார். இன்று பெயர்பெற்று விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அந்த ஒன்பது சிறுமிகள்தாம். அதே 1887இல்தான் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். தமிழில் எழுதவும் அச்சிடவும் விற்கவும் தெரிந்த முஸ்லிம்கள் இந்த ஊரில் அப்போதே இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. நம்மவர்கள் கல்விக்கு எதிரிகளாக இருந்ததில்லை. யாருடைய கையால், எந்த மொழியில் என்பதுதான் அவர்களுக்குக் கேள்வியாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்நாளில் வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். பையன் பன்னிரண்டு, பதினான்கு வயதில் மாமாவின் கடைக்கு வருவான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலோ சிராங்கூன் ரோட்டிலோ கல்லாவுக்குப் பின்னால் நின்று மலாயும் சீனமும் கொஞ்சம் ஆங்கிலமும் காதால் கற்பான். அவனுக்குக் கடையே கல்லூரி. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகிய பிறகுதான் போவதும் வருவதும் குறைந்து, குடும்பங்கள் இங்கேயே வேர்விட்டன. பிள்ளைகள் இங்கே வளரத் தொடங்கியதும் ‘ஸ்டாண்டர்ட்’, ‘பாஸ்’, ‘ஃபெயில்’, ‘ரிப்போர்ட் புக்’ எல்லாம் அடுப்படி வரை வந்தன.

அவற்றில் ‘சீனியர் கேம்பிரிட்ஜ்’ என்ற சொல்லுக்கு இருந்த மரியாதையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். எழுதிய விடைத்தாள் திரும்பக் கப்பலேறும். முடிவுக்காக வீடே காத்திருக்கும். தேறியவனுக்கு அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை. கல்யாணப் பேச்சில் முதலிடம். ‘மாப்பிள்ளை சீனியர்’ என்று சொன்னால் போதும், எதில் சீனியர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தேறாதவரும் ‘சீனியர் வரைக்கும் படிச்சவர்’ என்று சொல்லிக்கொள்வார். ஜப்பானியர் காலத்தில் மூன்றரை ஆண்டு படிப்பை இழந்த பிள்ளைகளுக்கோ போருக்குப் பின் இன்னொரு சொல் காத்திருந்தது: ‘ஓவர் ஏஜ்’. வயது கடந்துவிட்டது, இந்த வகுப்பில் இடமில்லை என்பது அதன் பொருள். என் பெரிய மாமா அந்தச் சொல்லோடு வீடு திரும்பி, மறுநாள் கடைக்குப் போனவர். பிறகு பள்ளிப் பக்கம் போகவே இல்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை கசப்போடு சொன்னார்.

போர் முடிந்ததும் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர் மக்கள் கூடி வாழ்ந்தார்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். அந்த மக்களின் அமைப்பான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. 1960இல் அங்கே உயர்நிலை வகுப்புகளும் வந்தன. தமிழிலேயே உயர்நிலை படிக்க இந்நாட்டில் இருந்த ஒரே இடம் அது. முஸ்லிம் அல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். மசாலா அரைத்த கைகளும் மூட்டை தூக்கிய தோள்களும் ஓர் உயர்நிலைப் பள்ளியை நிறுத்திக் காட்டின என்பதை நாம் போதுமான அளவுக்கு நினைவுகூர்வதில்லை என்பது என் எண்ணம்.

அக்காலத்தில் பெற்றோர் காதில் அடிக்கடி விழுந்த சொல் ‘ஸ்ட்ரீம்’. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ் ஸ்ட்ரீம், மலாய் ஸ்ட்ரீம், சீன ஸ்ட்ரீம், இங்கிலீஷ் ஸ்ட்ரீம் என்று பேசுவார்கள். பிள்ளையை எந்த ஸ்ட்ரீமில் போடுவது என்பதுதான் தேக்காவின் சாப்பாட்டுக்கடைகளில் நடந்த விவாதம். காகிதத்தில் நான்கும் சமம். வேலை வாய்ப்பில் ஒன்று மட்டும் முந்தியது. தகப்பன்மார் அதைக் கண்டுகொண்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு தமிழ்ப் பள்ளிகள் மெலிந்தன. கடைசியாக நின்ற உமறுப் புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. மறுஆண்டு, தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்களுக்காகத் தொடங்கிய தமிழ் மொழி நிலையம் அந்தப் புலவர் பெயரைத் தாங்கி இன்று பீட்டி ரோட்டில் இருக்கிறது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டு நான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் வாப்பாவுக்கு டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் சிறு கடை. சேர்க்கைக்கு முன் என்னைக் கையைப் பிடித்து ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அழைத்துப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, ‘செகண்ட் லாங்குவேஜ்?’ என்று கேட்டார். வாப்பாவுக்கு ‘செகண்ட்’ தெரியும். ‘லாங்குவேஜ்’ தெரியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது, ‘உங்களுக்குத் தெரிந்த இரண்டாவது பாஷை எது’ என்றுதான் அவருக்குப் பட்டது. முதல் பாஷை தமிழ், அதில் சந்தேகம் என்ன? இரண்டாவது மலாய். அப்படியே சொன்னார். அவரும் எழுதிக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தப் படிவம் கேட்டது வேறு. ஆங்கிலப் பள்ளியில் ஆங்கிலம்தான் முதல் மொழி. அதற்கு அடுத்துப் பிள்ளை எந்த மொழியைப் படிக்கப் போகிறான் என்பதே கேள்வி. தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம் மொழி 1960 முதல் கட்டாயம். 1966இல் உயர்நிலைக்கும் கட்டாயமானது. வாப்பா சொன்ன ஒரு சொல்லால் பத்து ஆண்டு பள்ளிப்படிப்பில் நான் ஒரு வரி தமிழ் படிக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த தம்பிக்கும் தங்கைக்கும் ‘அண்ணனுக்குப் போட்டதே போதும்’ என்று மலாயே போடப்பட்டது.

நியாயமாகப் பேசவேண்டும். தெரிந்தே மலாய் எடுத்த குடும்பங்களும் நிறைய உண்டு. அவர்களுக்குக் காரணங்களும் இருந்தன. 1959 முதல் மலாய் தேசிய மொழி. நான் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் நாம் மலேசியாவின் ஒரு பகுதி. அக்கம்பக்கத்தார் மலாய் பேசினார்கள், மார்க்க வகுப்புகள் மலாயில் நடந்தன, சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களும் இருந்தன. பல பள்ளிகளில் தமிழ் சொல்லித்தர ஆசிரியரே கிடையாது. மலாய் எடுத்தவன் கெட்டுப்போகவில்லை. எனக்கு இன்றும் மலாய் இனிக்கிறது. தேர்ந்தெடுத்து விட்டுவிடுவது ஒன்று. கேள்வி புரியாமல் விட்டுவிடுவது வேறு. என் வாப்பா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எனக்குத் தமிழ் எழுத்தைக் காட்டியவர் கடையில் கணக்கு எழுதிய ஒரு பெரியவர். மாலையில் கடை ஓய்ந்ததும் ‘தமிழ் முரசு’ நாளிதழை உரக்க வாசிப்பார். கல்லாப்பெட்டியின் மேல் தாளை விரித்து, தலைப்பு எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டுவார். ‘அ’வுக்கு முன்னால் நான் ‘பிரதமர்’ படித்தேன். தம்பி வளர்ந்தபோது அவர் ஊருக்குப் போய்விட்டார். இதனால்தான் இந்தக் கட்டுரையை நான் எழுத முடிகிறது. என் தம்பிக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது. வாப்பாவுக்கு விவரம் தெரிந்தது, பல ஆண்டு கழித்துத் தம்பி உம்மாவின் கடிதத்தை வாசிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த அன்று. ஒன்றும் பேசாமல் கடிதத்தை வாங்கித் தாமே வாசித்தார்.

நம் சங்கம் தொடங்கிய 1970களில் ‘ஸ்ட்ரீம்’ என்ற சொல்லின் அர்த்தம் மாறத் தொடங்கியது. 1979இல் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் வந்த அறிக்கையின்படி, மூன்றாம் வகுப்பின் முடிவில் பிள்ளைகளைத் திறமையின்படி பிரித்தார்கள். அதுவரை ஸ்ட்ரீம் என்றால் மொழி. இனி ஸ்ட்ரீம் என்றால் பிள்ளையின் தரம். அதே சொல், வேறு பொருள். பெரியவர்கள் பலர் பழைய பொருளிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘எம்புள்ள இங்கிலீஷ் ஸ்ட்ரீம்தானே, பிறகென்ன பிரிக்கிறது?’ என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார்.

பிரிவுகளின் பெயர்கள்தான் இன்னும் விசேஷம். ‘நார்மல் பைலிங்குவல்’ என்றால் இரு மொழிகளையும் ஆறு ஆண்டில் முடிப்பவர்கள். ‘எக்ஸ்டெண்டட் பைலிங்குவல்’ என்றால் அதையே எட்டு ஆண்டில் முடிப்பவர்கள். ‘மோனோலிங்குவல்’ என்றால் இரண்டு மொழி தாங்காது என்று கருதப்பட்டவர்கள். ஒரே மொழியில் எட்டு ஆண்டு படித்துவிட்டு, மற்றவர்கள் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலே தொழிற்பயிற்சிக்குப் போகவேண்டியவர்கள்.

சங்கத்தின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். நான் அப்போது இளைஞன். கணக்கு சொல்லிக் கொடுப்பேன், கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஒரு நாள் ஒரு லாத்தா கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு படியேறி வந்தார்.

‘தம்பி, மவனுக்கு எக்ஸ்டெண்டட் கெடச்சிருக்கு. எல்லாருக்கும் குடுங்க.’

‘லாத்தா, கடிதம் வச்சிருக்கீங்களா?’

‘இந்தா இருக்கு. நார்மல்லாம் இல்ல, அதுக்கும் மேல. கூட ரெண்டு வருசம் சொல்லித் தர்றாங்களாம். காசு கூட கேக்கலே.’

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ‘எக்ஸ்டெண்டட்’ என்றால் நீட்டியது. ‘நார்மல்’ என்றால் சாதாரணம். சாதாரணத்தைவிட நீட்டியது உயர்ந்ததாகத்தானே இருக்கவேண்டும்? ஜவுளிக் கடையில் அப்படித்தான். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஜிலேபியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவரை உட்கார வைத்து, தாளில் ஆறு கோடும் எட்டுக் கோடும் போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ‘அப்போ எம்புள்ள மட்டமா?’ என்றார் கடைசியில். இல்லை லாத்தா, மெதுவாகப் படிப்பான் என்கிறார்கள் என்றேன். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்.

இன்னொரு தகப்பனார் ‘மோனோ’வை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர். ‘ஒரே பாஷைன்னா பிள்ளைக்குச் சுமை குறையும்’ என்றார். குறைந்த சுமை எந்தக் கதவுகளைச் சாத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பையன் இன்று ஐம்பதைக் கடந்தவர், கனரக வாகனம் ஓட்டுகிறார், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டார். பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புவார். ‘ரெண்டு தடவை வாசிச்சுட்டுச் சொல்லுங்க’ என்ற வரி தவறாமல் கூடவே வரும்.

அந்தப் பிரிப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால், புரியாத இரண்டு மொழிகளுக்கு நடுவே எத்தனையோ பிள்ளைகள் எதுவும் கற்காமல் பள்ளியை விட்டுப் போனார்கள். அதை நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை ஓர் ஆங்கிலப் பெயரடைக்குள் மடித்து வைத்து, அந்த ஆங்கிலம் தெரியாத தாயிடம் கையெழுத்து வாங்கும்போது இடையில் ஒரு மனிதர் வேண்டும். அந்த வேலையை நம் சங்கத்தைப் போன்ற சிறிய அமைப்புகள்தாம் செய்தன. ஆண்டறிக்கையில் ‘உறுப்பினர்களுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமைகள்தாம்.

1990களில் பெயர்கள் மாறின. தொடக்கநிலையில் இ.எம். ஒன், இ.எம். டூ, இ.எம். த்ரீ. உயர்நிலையில் ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ், நார்மல் ஏற்கெனவே இருந்தன; 1994 முதல் நார்மலுக்குள்ளேயே ஏட்டுக்கல்வி, தொழில்நுட்பம் என்று இரண்டு. ‘எக்ஸ்பிரஸ்’ மட்டும் நம்மவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிந்தது. ஊரில் எக்ஸ்பிரஸ் ரயிலில் போனவர்கள் அல்லவா! இ.எம். த்ரீயோ பிள்ளைகள் வாயில் வசைச்சொல் ஆகிவிட்டது. எங்கள் புளோக்கின் கீழே பந்து விளையாடிய சிறுவர்கள் பந்தைத் தவறவிட்டவனை ‘இ.எம். த்ரீ’ என்று கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றி 2002இல் ஜேக் நியோ எடுத்த ‘ஐ நாட் ஸ்டூப்பிட்’ படம் நாடெங்கும் ஓடியது. 2008இல் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. 2021இல் டி-ஸ்கோரும் போனது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளுக்கு எக்ஸ்பிரஸும் இல்லை, நார்மலும் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி ஒன், ஜி டூ, ஜி த்ரீ. 2027இல் ‘ஓ லெவல்’ என்ற பெயரும் மறையப் போகிறது. மாப்பிள்ளை ‘ஓ லெவல்’ என்று சொல்லி நாம் பெண் கொடுத்த காலத்தை யாராவது எழுதி வைத்தால் நல்லது.

இவற்றுக்கெல்லாம் நல்ல தமிழ்ச் சொற்களும் உருவாகியிருக்கின்றன. தொடக்கநிலை, உயர்நிலை, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாடம். வானொலியும் முரசும் இவற்றைப் பழக்கிவிட்டன. தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர்கள் ‘துணைப்பாடம்’ என்ற சொல்லைக் கேட்டு வியந்து, டியூஷன் என்று தெரிந்ததும் சிரிக்கிறார்கள். வீட்டில் நாமும் டியூஷன் என்றுதான் சொல்கிறோம். இருந்தாலும் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கிறேன். ‘வழக்கநிலை’ என்று தமிழில் சொன்னபோது ‘அப்படின்னா என்ன?’ என்று கேட்டார்கள். ‘நார்மல்’ என்று சொன்னபோது யாரும் கேட்கவில்லை; தெரிந்த சொல் என்று நினைத்துக்கொண்டார்கள். தெரியாத சொல் நம்மைக் கேள்வி கேட்க வைக்கும். பாதி தெரிந்த சொல்தான் ஆபத்து. என் வாப்பாவுக்கும் அதுதான் நடந்தது.

1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் வந்தபின் நம் பிள்ளைகளுக்கு உதவி பெருகியது. ஒன்று மார்க்கத்தால் நமக்கு உரியது, மற்றது இனத்தால். எந்தப் படிவத்தில் எதைக் குறிப்பது என்ற கேள்வியோடு இன்றும் பெற்றோர் சங்க மேசைக்கு வருகிறார்கள். வருபவர்கள் இப்போது ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள். சொல்லின் பொருள் கேட்டு வருவதில்லை. ‘இதில் எது பிள்ளைக்கு நல்லது?’ என்று கேட்டு வருகிறார்கள். எங்கள் வேலை கடினமாகிவிட்டது என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

இந்த ஆண்டு என் மகன் தன் மகளைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கப் பதிவு செய்தான். மேசை இல்லை, கேட்பவர் இல்லை, கைபேசித் திரைதான். ‘தாய்மொழி’ என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டு எனக்கு அழைத்தான். அவன் பள்ளியில் மலாய் படித்தவன். மருமகள் தமிழ் படித்தவர். பிள்ளை வீட்டில் ஆங்கிலம் பேசுகிறாள், என்னோடு மட்டும் தமிழ்.

‘வாப்பா, எதைப் போடட்டும்?’

‘நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. ஆனா என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சு போடுங்க.’

இருவரும் இரண்டு நாள் பேசினார்கள். தமிழ் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா, இல்லையென்றால் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போய்த் தமிழ் படிக்க வேண்டும், யார் கொண்டுபோய் விடுவது என்று நான் விசாரிக்கப் போகிறேன். கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும்.